வாயோடு ஒட்டிய மைக்

அத்தியாயம் 5

தாராபுரம் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போய், மறுபடி கடைசி சீட்டிலேயே உட்கார்ந்து திரும்பி வந்தவனிடம் உலகத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எதிர்பார்க்காதீர்கள். என் பெயர் பங்காரு. காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். கீழே பன் வேகிறது, மேலே தகரக் கூரைக்கு அடியில் நாங்கள் வேகிறோம். துப்பறிதல் என்றதும் கொலை, கொள்ளை, கடத்தல் என்று கற்பனை செய்துகொண்டு இந்த வேலைக்கு வந்தேன். வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, வேறு தொடர்பு இருக்கிறதா, சொன்ன கம்பெனியில்தான் வேலை செய்கிறானா. இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கல்யாண சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

என் முதலாளி கோபாலசாமி டெலிபோன் இலாகாவில் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் பேசுவதைக் கேட்டவர். அதில் அவருக்கு மிஞ்சியது நல்ல காதும் கெட்டுப்போன வயிறும். அன்று காலையில் அவர் மோரைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார். எதிரே யாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். அவள் தூங்கிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

யாஸ்மினின் தம்பி உவைஸ் மிமிக்ரி கலைஞன். உக்கடம் பக்கத்து லைட் மியூசிக் குழு ஒன்றில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே லாரி ஓட்டுவான், யானையாகப் பிளிறுவான், குழுவில் இருப்பவர்களைப் போலவே பேசிக் கிண்டல் செய்வான். அதே குழுவில் லீவு நாட்களில் பாடுகிறவன் கதிர்வேல். கணபதியில் பம்ப் ஃபவுண்டரி வைத்திருக்கும் அப்புசாமியின் ஒரே மகன். கதிர்வேலுக்கும் தாராபுரத்துப் பெண் ஒருத்திக்கும் போன மாதம் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் ஆனது. அடுத்த வாரமே பெண்ணின் அப்பா நஞ்சப்பனுக்குத் தபாலில் ஒரு கேசட் வந்தது.

கேசட்டில் கதிர்வேலின் குரல். யாரோ நண்பனிடம் மனம் விட்டுப் பேசுகிற மாதிரியும், அதை யாரோ ஒளிந்திருந்து பதிவு செய்த மாதிரியும் இருந்தது. எனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, அப்பாவுக்குப் பயந்து தலையை ஆட்டிவிட்டேன் என்றது குரல். நஞ்சப்பன் சம்பந்தத்தை முறித்துவிட்டார். அப்புசாமியோ, "எம்பையன் அப்பிடிப் பேசற பையனே இல்லீங்க, எவனோ அவன மாதிரி பேசியிருக்கான்" என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். கதிர்வேல் மாதிரி பேசத் தெரிந்தவன் ஊரில் ஒருத்தன்தான். அவனும் கதிர்வேலும் மேடையிலேயே சண்டை போட்டதை ஆனைமலையில் ஒரு கோயில் கூட்டமே பார்த்திருந்தது. போலீஸ் உவைசைக் கூட்டிக்கொண்டு போனது, இன்னும் வெளியே விடவில்லை.

"திங்கக் குடுக்கக்கூட உள்ள உட மாட்டேங்கறாங்க சார்," என்றாள் யாஸ்மின். "வெளிய வந்தாலும் இனி எந்த மண்டபத்துல அவனைக் கூப்பிடுவாங்க? குரலைத் திருடறவன்னு பேராகிப் போச்சுங்க."

"பாக்கலாம் அம்மணி," என்றார் கோபாலசாமி கண்ணைத் திறக்காமலே. "பங்காரு, போடப்பா."

நஞ்சப்பன் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி நான் வாங்கி வந்த நகலை டேப்ரிக்கார்டரில் போட்டேன். கதிர்வேலின் குரல் நிதானமாகப் பேசி முடித்தது. அவர் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் மறுபடியும் போட்டேன். எனக்கே கதிர்வேலின் கல்யாணத்தில் இஷ்டமில்லாமல் போய்விட்டது.

"ஃபேன் சத்தம் கேக்குதா?" என்றார்.

"நம்ம ஃபேன் சத்தம் போத்தனூர் வரைக்கும் கேக்குதுங்க."

"கேசட்டுல கேக்குதான்னு கேட்டேன்."

"இல்லீங்க."

"நாய்? ரோட்டுல வண்டி? பக்கத்து ஊட்டுக் குக்கரு?"

"ஒண்ணும் இல்லீங்க. பேச்சு மட்டுந்தான்."

"அதான் கேக்கறேன். ஒளிச்சு வெச்ச ரிக்கார்டருல ஆளு பேச்சைவிட ஊட்டுச் சத்தந்தான் சாஸ்தியாக் கேக்கும். இதுல ஊடே இல்ல. வாய் மைக்குக்குப் பக்கத்துல இருந்திருக்குது. 'பொண்ணு'ங்கற எடத்துல காத்து வந்து மோதுது, கவனிச்சியா?"

போட்டுக் கேட்டேன். மோதியது.

"அப்ப ஒளிஞ்சு எடுத்ததே இல்ல," என்றேன். "பேசுனவனுக்கு மைக் இருக்கறது தெரியும். வேணும்னே பேசியிருக்கான்."

சொன்ன பிறகுதான் யாஸ்மின் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றே பேசியவன் யாராக இருக்கும் என்று ஸ்டேஷனில் ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறார்கள். நான் அதற்கு ஒரு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் வாயைத் தைத்தால் நன்றாக இருக்கும்.

கோபாலசாமி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "இரு கண்ணு, அழுவாத. இதுல இன்னொண்ணு இடிக்குது. மண்டபத்துல 'வண்டியை எடுங்க'ன்னு மைக்கை வாயில வெச்சுட்டு ஒருத்தன் சொல்லுவானே, அவன் குரல் எப்பிடி இருக்கும் பங்காரு?"

"பானைக்குள்ள தலையை உட்டுட்டுப் பேசற மாதிரி. கும்மு கும்முனு."

"வாய் ஒட்டப் பேசுனா எந்தக் குரலுக்கும் கீழ்ச்சத்தம் தானா எழும்பும். இதுல அந்தக் கும்மே இல்ல. தள்ளி நின்னு பேசுன மாதிரி சுத்தமா இருக்குது. ஆனா தள்ளி நிக்கல."

"டெலிபோன்ல பேசுனதோ என்னமோ?"

அவருடைய பழைய இலாகாவைப் பற்றி நான் பேசியதால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டெலிபோனுன்னா மேல்ச்சத்தமும் போயிரும். 'ச'வெல்லாம் மழுங்கிப் போகும். இதுல 'ச' கத்தரிக்கோலாட்டம் வெட்டுது. மேல அப்பிடியே இருக்கு, கீழ மட்டும் யாரோ நறுக்கியிருக்காங்க. இப்பிடி நறுக்குன மைக் இந்த ஊருல எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சாப் போதும். வண்டியை எடு."

என் மொபெட்டில் அவரை ஏற்றிக்கொண்டு போவது ஒரு தனிக் கஷ்டம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தை வெட்டியதே நான்தான் என்கிற மாதிரி முனகுவார்.

கோட்டைமேட்டில் அமீர் ஹம்சாவின் மைக் செட் கிடங்கு இருந்தது. உவைசின் குழுவுக்கு ஒலி அமைப்பு அவர்தான். அடுக்கி வைத்த குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே பனியனோடு உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"போலீசுகிட்ட எல்லாம் சொல்லிப்போட்டனுங்களே," என்றார்.

"நாங்க போலீசு இல்லீங்க பாய். போலீசுன்னா டீ வாங்கிக் குடுத்திருப்பீங்க," என்றேன்.

கோபாலசாமி ஒரு மைக்கை ஆம்ப்ளிஃபயரில் மாட்டச் சொன்னார். என்னைப் பேசச் சொன்னார். நான் மைக்கை உதட்டில் ஒட்டி, "எனக்குச் சம்பளம் பத்தலீங்க," என்றேன். கிடங்கு முழுக்கக் கும்மென்று அதிர்ந்தது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து அதையே சொன்னேன். கும் போய்விட்டது, ஆனால் கூரையும் சுவரும் தெருவில் போன ஆட்டோவும் சேர்ந்து கேட்டன. முதலாளிக்கு இரண்டு முறையும் காது கேட்கவில்லை.

"பாத்தியா? ஒட்டுனா கும்மு, தள்ளுனா ஊடு. கேசட்டுல ரெண்டும் இல்ல." அவர் அமீர் ஹம்சாவைப் பார்த்தார். "இத ஒருக்காக் கேளுங்க பாய்."

டேப்ரிக்கார்டரை ஓட விட்டேன். அமீர் ஹம்சா கேட்டார். வயர் சுற்றிய கை பாதியில் நின்றது. பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். எங்களுக்கும் வேண்டுமா என்று கேட்டார். ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, அவரும் இன்னொரு டம்ளர் குடித்தார். இவ்வளவு தாகம் எடுக்கிற மனிதருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

"பாய், கீழ்ச்சத்தத்தை மட்டும் எப்பிடிக் கொறைப்பாங்க?" என்றார் கோபாலசாமி.

"ஆம்ப்ளிஃபயர்ல பேஸ் குமிழ் இருக்குதுங்களே."

"அது எல்லா மைக்குக்கும் சேத்துக் கொறையும். ஒரு மைக்குக்கு மட்டும் கொறைக்கோணும்னா?"

அமீர் ஹம்சா பெருமூச்சு விட்டார். "மைக் வயரோட பின்னுக்குள்ள ஒரு கண்டன்சர் வெச்சு ஒட்டோணும். மல்லி வெதையாட்டம் இருக்கும். மேல்ச்சத்தத்தை உள்ள உடும், கீழ்ச்சத்தத்தை வாசல்லயே நிறுத்திப்போடும். கரண்டு வேண்டியதில்ல, பேட்டரி வேண்டியதில்ல. சின்ன வேலைதானுங்க."

"அப்பிடி ஒண்ணு செஞ்சீங்களா?"

"செஞ்சேன்."

"எதுக்கு?"

"அந்தச் சண்டையாலதானுங்க. ஆனைமலையில நடந்துச்சே. பாட்டு நடக்கறப்பக் கும்முங்குதுன்னு பேஸைக் கொறைக்கச் சொன்னாங்க. கொறைச்சா உவைசோட லாரி மொபெட்டாப் போயிருது, யானை பூனையாயிருது. மேடையிலயே குமிழை ஒருத்தரு இந்தப் பக்கம் திருக, இன்னொருத்தரு அந்தப் பக்கம் திருக, ஒரே தள்ளுமுள்ளு. நான் பாத்தேன். ஒரு மைக்குல மட்டும் கண்டன்சர் வெச்சுட்டேன். அன்னிக்கோட சண்டை முடிஞ்சுது. போலீசு சண்டையை மட்டும் எழுதிக்கிட்டாங்க, முடிஞ்சதை எழுதிக்கல."

நான் நெற்றியைத் தடவிக்கொண்டேன். நறுக்கிய மைக் கிடைத்துவிட்டது, அது உவைசின் குழுவிலேயே இருக்கிறது. தாராபுரம் போய், முதுகை ஒடித்து, காலையிலிருந்து கூடி உழைத்து, எங்கள் கட்சிக்காரனுக்கு நாங்களே விலங்கு செய்து முடித்திருந்தோம். இதை யாஸ்மினிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் எனக்கு நிஜமாகவே அங்கேயே படுத்துவிடலாம் போல் இருந்தது.

"அந்த மைக்கைக் காட்டுங்க," என்றார் கோபாலசாமி.

"இங்க இல்லீங்க."

"உவைஸ் ஊட்டுலயா?"

அமீர் ஹம்சா வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். கோபாலசாமி பக்கத்தில் போய் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை. டிரங்க் கால் கிடைக்கும்வரை காத்திருந்து பழகியவர்.

"அந்த மைக்கு இங்க எப்பவும் இருக்காதுங்க," என்றார் அமீர் ஹம்சா கடைசியில். "அவரு உதட்டை ஒட்டித்தான் பாடுவாரு. எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டாரு. பாடி முடிச்சாப் பூரா எச்சி. அத அப்பறம் யாருங்க வாய்க்கிட்டக் கொண்டுபோவாங்க? உவைஸ் அதக் கையிலகூடத் தொட மாட்டான். அவரே கைக்குட்டையில சுத்தி ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவாரு."

"எவரு?"

"கதிர் தம்பிதானுங்க," என்றார். "நான் எப்பிடிங்க சொல்றது? அப்புசாமி ஐயன் ஊட்டு விசேசம் எல்லாத்துக்கும் நான்தான் செட் போடறேன். அவரு பையனைப் பத்தி நான் சொன்னா நம்புவாருங்களா?"

கோபாலசாமி எழுந்தார். வெளியே வந்து மொபெட்டில் ஏறியபோது தனக்கே சொல்லிக்கொள்வது போல் சொன்னார்: "ஒளிஞ்சிருந்து எடுத்த மாதிரி காட்டோணும்னா மைக்கைத் தூர வெச்சுப் பேசியிருக்கோணும். பாட்டுக்காரன் பாரு. மைக்கைப் பாத்ததும் வாய் தானாப் போயி ஒட்டிக்குது."

கணபதி ஃபவுண்டரியில் கதிர்வேல் சின்ன ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து இருபத்தாறு வயது. நல்ல சட்டை, சவரம் செய்யாத முகம். வெளியே வார்ப்பு மணலைத் தட்டும் சத்தம். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று, "உக்காருங்கண்ணா," என்றான். மரியாதையான பையன். இந்த ஊரில் கழுத்தை அறுக்கிறவனும் "அறுத்துக்கட்டுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பான்.

"தம்பி, உங்க மைக்கு ஒண்ணு இருக்குதாமே," என்றார் கோபாலசாமி. "அத ஒரு நிமிசம் குடுங்க. பின்னைக் கழட்டிப் பாத்துட்டுக் குடுத்தர்றோம்."

கதிர்வேல் மேஜை டிராயரைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்தான். எங்கள் முன் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"பாய் சொன்னாருங்களா?"

"கேசட்டு சொல்லுச்சு," என்றேன் நான்.

அவன் கைக்குட்டையைப் பிரித்து மறுபடி சுற்றினான். "வேண்டாம்னு சொல்லோணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்தனுங்கண்ணா. எனக்குக் கல்யாணமே இப்ப வேண்டாமுங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அப்பா எதுக்கால நின்னா எனக்குப் பாதிக்கு மேல பேச்சு வராது. கேசட்டை அனுப்பிச்சா அவிய ஊட்டுல கூப்பிட்டுக் கேப்பாங்க, அப்பாவுக்கு விசயம் தெரிஞ்சுரும், திட்டுவாரு, அதோட முடிஞ்சுரும்னு நெனச்சேன். அவரு கேசட்டை நம்புவாருன்னு நெனச்சனுங்க. அவரு என்னைய நம்பிப்போட்டாரு."

"உவைஸ்?" என்றேன். எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை.

"இன்னைக்கு உட்டுருவாங்க, நாளைக்கு உட்டுருவாங்கன்னு தெனமும் நெனச்சனுங்க." அவன் அழுதான். "எனக்குத் தூக்கமே இல்லீங்கண்ணா."

"அவங்க அக்காவும் தூங்கல," என்றேன். "அவனையும் தூங்க உட்டிருக்க மாட்டாங்க."

வாசலில் நிழல் விழுந்தது. அப்புசாமி நின்றிருந்தார். வேட்டியில் கரி, கையில் துண்டு. எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மகன் அழுவதைப் பார்த்து எங்கள் பக்கம் திரும்பினார். "என்ற பையனை மெரட்டறீங்களா?"

கோபாலசாமி கதிர்வேலைப் பார்த்தார். அவன் எழுந்து நின்றான்.

"இல்லீங்கப்பா. கேசட்டுல பேசுனது நான்தானுங்க."

"நீ சும்மா இரு. இவிய என்னமோ..."

"நான்தானுங்கப்பா. கேளுங்க. நடுவுல பேசாம ஒருக்கா கேளுங்க. எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்க. உவைஸ் மேல தப்பே இல்லீங்க."

அவ்வளவு நீளமாக அவன் அப்பாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பேசி முடித்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தவர் துண்டை எடுக்கவே இல்லை. பிறகு, "காரை எடு," என்றார்.

ஸ்டேஷன் வராந்தாவில் யாஸ்மின் தூக்குப்போசியில் சோற்றோடு காத்திருந்தாள். எங்களோடு அப்புசாமியும் கதிர்வேலும் இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவளிடம் எதுவும் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"என்னங்க இப்ப வந்து சொல்றீங்க? அந்தப் பையன் நேத்தே ஒத்துக்கிட்டானே. அவன் கைப்பட எழுதிக் குடுத்திருக்கான்."

நான் கோபாலசாமியைப் பார்த்தேன். அவர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். காதையும் கண்டன்சரையும் வைத்துத் துப்பறிந்த எங்கள் கெட்டிக்காரத்தனம் எல்லாம் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்திருந்தது.

"அவன் பேசலீங்க," என்றான் கதிர்வேல். "நான் பேசுனேன். நானும் எழுதித் தர்றனுங்க."

இன்ஸ்பெக்டர் அப்புசாமியைப் பார்த்தார். அப்புசாமி தரையைப் பார்த்துக்கொண்டே, "எம்பையன் சொல்றதுதானுங்க நெசம். தப்பு எங்களுது. அந்தத் தம்பியை உட்டுருங்க," என்றார்.

உவைசைக் கூட்டி வந்தார்கள். கால் தாங்கித் தாங்கி நடந்தான். இருபத்து மூன்று வயதுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். யாஸ்மின் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கதிர்வேல் அவன் முன்னால் போய் மண்டியிட்டு, "மன்னிச்சுக்க உவைசு," என்றான். உவைஸ் அவனைப் பார்த்தான். கோபம்கூட அவனிடம் மிச்சமில்லை.

"அந்தக் கேசட் யார்கிட்டயாவது இருக்குதுங்களா?" என்றான் எங்களிடம். தொண்டை கட்டிப்போய்க் குரல் சரசரவென்று வந்தது. "நான் அத இன்னும் கேக்கவே இல்லீங்க."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பையிலிருந்து டேப்ரிக்கார்டரை எடுத்து, பெஞ்சில் அவன் பக்கத்தில் வைத்து ஓட விட்டேன். கதிர்வேலின் குரல் பேசியது. பேசியவன் அவன் காலடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். உவைஸ் கழுத்தைச் சாய்த்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். முடிந்த பிறகும் நாடா வெறுமனே ஓடியது. அவன் அதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா?" என்றாள் யாஸ்மின்.

"என்ன பேசுனேன்னு எழுதச் சொன்னாங்கக்கா. எனக்கு எப்பிடித் தெரியும்? அடி தாங்கல. அந்தத் தாராபுரத்துப் பொண்ணைப் பத்தி அசிங்க அசிங்கமா நானே கட்டி எழுதிக் குடுத்துட்டேன்." அவன் டேப்ரிக்கார்டரைக் காட்டினான். "இதுல அப்பிடி ஒண்ணுமே இல்லியேக்கா."